கண் வைக்க இடமில்லாத டெலஸ்கோப்

விருத்தாசலம்
14.3.2025

தென்றலுக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். முந்தாநாள் போனில் நான் கத்தினேன் என்று என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது. முழுசாகப் படி.

பாலிடெக்னிக்கில் செராமிக் படித்து முடித்த வருஷம் நாம் இருவரும் சேர்ந்து அந்த டெலஸ்கோப்பை வாங்கினோம். அன்றிலிருந்து வருஷா வருஷம் மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் வைக்கிறோம். பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு, பொரிகடலை வாங்கிக்கொண்டு, ஆற்றில் இறங்கி நம் குழாயில் நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் ஜனம் பஸ் ஏறும். மோர்பி டைல்ஸ் கம்பெனிக்கு நீ வேலைக்குப் போனபோது, "ரண் பக்கம், அந்த உப்புப் பாலைவனத்துல, வானம் நல்லா இருக்குது இளா, மாசி மகத்துக்கு அனுப்பிடறேன்" என்று கேட்டு எடுத்துப் போனாய். பாதி உன்னுடையது, கொடுத்தேன். சொன்னபடி அனுப்பியும் விட்டாய். இதுவரைக்கும் சரி.

பெட்டியை ஆற்றில் வைத்துத்தான் பிரித்தேன். அதற்குள் வரிசை நின்றுவிட்டது. குழாயை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்பக்கம் கண் வைக்கிற லென்ஸை மாட்டினால், கும்மிருட்டு. மூடியைக் கழற்றவில்லையோ என்று முன்னால் போய்ப் பார்த்தேன். முன்கண்ணாடியின் நடுவில் சின்னக் கண்ணாடி இருந்த இடத்தில் டம்ளர் மாதிரி ஒரு லென்ஸ், அதன் தலையில் ஒரு கேமரா.

வெளிச்சம் குழாயின் அடிக்குப் போய்ப் பெரிய கண்ணாடியில் பட்டு, மேலே வந்து சின்னக் கண்ணாடியில் பட்டு, திரும்பிப் பின்னால் உள்ள ஓட்டை வழியாக நம் கண்ணுக்கு வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அந்தச் சின்னக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுக் கேமராவை உட்கார வைத்திருக்கிறாய். இனி வெளிச்சம் கேமராவோடு நின்றுவிடும். பின்னால் ஓட்டை இருக்கிறது, அதற்கு ஒன்றும் வராது. மனுஷர் கண் வைக்க இடமில்லாத டெலஸ்கோப்பை, அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது என் கையில் கொடுத்திருக்கிறாய்.

உள்ளே ஒரு பேப்பர் இருந்தது. லேப்டாப்பில் மாட்டு, எல்லாரும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். மாட்டினேன். நிலா வந்தது, சட்டைப் பொத்தான் அளவுக்கு. வானத்தை அகலமாகப் பிடிக்கிற மாதிரி நீ மாற்றி வைத்ததில் நிலா ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் திரையைப் பார்த்தார், மேலே பார்த்தார். "இதுக்கு நிமுந்து பாத்தாலே பெருசா தெரியுதேம்மா" என்றார். பின்னால் யாரோ, "செல்லுல வர்றதத்தான் காட்டுறாங்க, வா போவலாம்" என்றார்கள். வரிசை கலைந்தது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆற்று நடுவில் கேனச்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சின்னக் கண்ணாடி பெட்டியில் இல்லை. உடனே அனுப்பு. உன் லென்ஸையும் கேமராவையும் கழற்றி வைத்திருக்கிறேன், கண்ணாடி வந்ததும் அவற்றை அனுப்புகிறேன். யாரைக் கேட்டுடி கை வைத்தாய்?

இளமதி


மோர்பி
27.3.2025

இளமதிக்கு,

யாரைக் கேட்டுக் கை வைத்தாய் என்கிறாய். பாதி என்னுடையது என்று நீயே எழுதியிருக்கிறாய். என் பாதியைக் கேட்டேன், சரி என்றது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நானும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் ரண் ஓரத்துக்குப் போவோம். உப்பு மண், சுற்றிலும் ஒரு விளக்குக் கிடையாது. அங்கே நம் குழாயை அப்படியே வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். கையகல வானம்தான் பிடிபடும். அதற்கும் மணிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும், நடுவில் ஸ்டாண்ட் மயிரிழை பிசகினாலும் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாகிவிடும். காரணம் அந்தச் சின்னக் கண்ணாடி. அதுதான் வெளிச்சத்தை இழுத்து நீட்டி மெலிதாக்குகிறது. அதை எடுத்துவிட்டு லென்ஸை வைத்தால் எஃப் பத்தில் இருந்த குழாய் எஃப் இரண்டுக்கு வந்துவிடும். இருபத்தைந்து மடங்கு வேகம். ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் வராத படம், சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் வந்து நிற்கிறது. ஓரியனில் மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேகம் இருக்கிறதே, அது சிவப்பாக, இறக்கை விரித்த மாதிரி முழுசாக வந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். உனக்கு அனுப்பினேன், நீ கட்டைவிரல் காட்டினாய்.

நிலாவுக்கு இது ஆகாது, தெரியும். அந்தப் பேப்பரின் பின்பக்கத்தில் "நிலாவைக் காட்டாதே, ஓரியனைக் காட்டு" என்று பெரிதாக எழுதியிருந்தேன். திருப்பினாயா? நீ எதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாய்.

கண்ணால் பார்க்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று குதிக்கிறாய். நம் குழாயில் அந்த மேகத்தைக் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? சாம்பல் தீற்றல். "தெரியுதா, தெரியுதா" என்று நீ நிலைகொள்ளாமல் கேட்பாய். உன் மனசு கோணக் கூடாதென்று அவர்களும் "தெரியுது" என்பார்கள். வருஷா வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இன்னொன்றும் பார்த்தேன். கண் வைக்கிற இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அங்கே வரிசை வரும். வரிசை வந்தால் யார் முன்னே, யார் பின்னே என்பது வரும். உன் சாமிதுரை சித்தப்பா வீட்டு ஜனம் முன்னால், பிறகு உங்கள் தெரு, பிறகு கடைத்தெருக்காரர்கள். எங்கள் தெரு ஆட்கள் கரும்பு டிராக்டர் நிற்கிற இடத்தில், கடைசியில். போன முறை அவர்கள் பக்கத்தில் வரும்போது மேகம் மூடியது. "போதும் தென்றல், எடுத்து வச்சிடலாம், நாளைக்கு வேல கெடக்குது" என்றாய். நானும் எடுத்து வைத்தேன். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டித்தான் போனேன். அன்றைக்கு உன் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "யம்மாடி, ஓடிப் போயி நாலு டீ வாங்கியா" என்றார். குழாயைத் திருப்பிக் குறி பார்த்துக்கொண்டிருந்தவளிடம். நீ பக்கத்தில்தான் நின்றாய். வாயைத் திறக்கவில்லை.

திரையில் காட்டினால் வரிசை கிடையாது. அதனால்தான் அனுப்பினேன். உனக்கு மானம் போயிற்றாம்.

தென்றல்


விருத்தாசலம்
6.4.2025

தென்றலுக்கு,

மேகத்தையும் நான்தான் வரவழைத்தேன் போலிருக்கிறது. இந்த ஊரில் மழை பெய்யாததற்கும் என் பெயரையே எழுதிக்கொள்.

டீ விஷயத்தை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? அன்றைக்கே சொல்லியிருந்தால் சித்தப்பாவை அங்கேயே கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா என்று நீ சிரிப்பாய். சிரி. அந்த மனிதர் என்னையும்தான் டீ வாங்கச் சொல்வார். அவருக்குப் பெண்பிள்ளை என்றாலே டீதான். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

நீ இவ்வளவு எழுதினாயே, நான் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேள். உனக்குக் கஷ்டமாக இருக்குமென்று முதல் கடிதத்தில் விட்டேன். இப்போது எனக்கு அந்த இரக்கம் இல்லை.

இந்த வருஷம் வரிசையில் முதலில் நின்றது உங்கம்மா. பகலிலேயே வந்துவிட்டார். நல்ல புடவை, தலையில் பூ. "எம் பொண்ணு அங்கேருந்து அனுப்பியிருக்கா, ஒரு தடவ கண்ணு வச்சிப் பாத்துட்டுப் போறன் பாப்பா" என்றார். நான் லேப்டாப் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், குனிந்து பின்பக்க ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் வராத ஓட்டையில். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா தெரியுது பாப்பா. எம் பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்றார்.

அவரிடம் என்ன சொல்வேன்? நீயே சொல்.

எங்கள் தெரு, உங்கள் தெரு என்று கணக்குப் பார்க்கிறாய். முதல் ஆளாக வந்து நின்ற உங்கம்மா கொளஞ்சியம்மாவுக்குக் கண் வைக்க இடம் இல்லாமல் செய்தது நானில்லை, நீ. கண்ணாடியை அனுப்பு.

இளமதி


மோர்பி
20.4.2025

இளமதிக்கு,

என் அம்மாவை இதில் இழுக்காதே.

உன் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் நின்று படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன், இன்னொரு தடவை கோபப்படத் தேவைப்படும் என்று.

அம்மா ஏன் "தெரியுது" என்றாள், யோசித்தாயா? எதைக் காட்டினாலும் தெரியுது என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். உங்கள் வீட்டு வாசலில் நின்று எத்தனை தடவை "ஆமாங்க, சரிங்க" என்றிருப்பாள். எனக்காக ஒரு தடவை சொன்னாள். அதை எடுத்து என்மேலேயே எறிகிறாய்.

அவள் முதல் ஆளாக நின்றதைப் பெரிசாகச் சொல்கிறாயே. பகலிலேயே வந்து வெயிலில் காத்திருந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு முதல் இடம். உன் சித்தப்பா பொழுது சாய்ந்து பல் குத்திக்கொண்டு வருவார், அவருக்கு அப்போதும் இடம் இருக்கும்.

கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அனுப்ப மாட்டேன். அனுப்பினால் மறுநாளே நீ மாட்டுவாய், பழையபடி வரிசை நிற்கும். லென்ஸும் கேமராவும் அங்கேயே கிடக்கட்டும். நான் இங்கே வெறும் கண்ணால் வானம் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு அதுதானே பிடித்தது.

தென்றல்


விருத்தாசலம்
3.8.2025

தென்றலுக்கு,

பதில் எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். நேற்று உன் தம்பி இனியவன் எங்கள் பீங்கான் யூனிட்டுக்கு வந்தான். "அக்கா குழாய வாங்கியாரச் சொன்னாங்க" என்றான். கண்ணாடி வராமல் குழாய் இந்த வாசலைத் தாண்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், செல்போன் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். உனக்கு வேண்டியதை நீ வந்து கேள், அவனைத் தூது விடாதே.

குழாய் ஃபியூஸ் கேரியர் மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறது. மேலே பீங்கான் தூசி. உன்னாலும் பார்க்க முடியாது, என்னாலும் பார்க்க முடியாது. உனக்குச் சந்தோஷம்தானே?

இளமதி


மோர்பி
18.10.2025

இளமதிக்கு,

சின்னக் கண்ணாடி இத்தோடு வருகிறது. உனக்காக இல்லை.

நேற்று அம்மா போனில் கேட்டாள், "அத எப்பம்மா சரி பண்ணுவீங்க ரெண்டு பேரும்?" என்று. உனக்குத்தான் நல்லா தெரிஞ்சுதாமே என்றேன். "இருட்டா இருந்துச்சு தென்றல்" என்றாள்.

கண்ணாடியின் பிடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். முன்கண்ணாடியிலும் அதே மாதிரி கோடு இருக்கும். இரண்டும் சேர வேண்டும், இல்லாவிட்டால் உருவம் கோணிக்கொள்ளும். கண்ணாடி முகத்தில் விரல் படக் கூடாது. முதலில் அம்மா பார்க்க வேண்டும், பிறகுதான் மற்ற யாரும். உன் சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

தென்றல்


விருத்தாசலம்
9.11.2025

தென்றல்,

எவளாவது ஐப்பசி மழையில் கண்ணாடியை வெறும் நியூஸ்பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டியில் அனுப்புவாளா? டைல்ஸை லாரி லாரியாகப் பேக் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நீ. ஒரு பிளாஸ்டிக் பை கிடைக்கவில்லையா?

பெட்டி நனைந்து கூழாகி வந்தது. பேப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்து எடுத்தேன். முகத்தில் ஆவி படிந்த மாதிரி ஈரம், ஓரத்தில் பூஞ்சைப் புள்ளி. உங்கம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். ஈரம் என்றால் நம் கை எங்கே போகும் என்று உனக்குத் தெரியும்.

டிரையரில் வைத்தேன்.

சூளைக்குப் போகிற ஃபியூஸ் கேரியர் காய்கிற அதே டிரையரில், மேல் தட்டில். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். பச்சைப் பீங்கானே தாங்குகிறது, கண்ணாடி நெருப்பில் பிறந்தது, அதற்கென்ன சூடு என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் துணியால் ஒற்றி ஃபேனுக்கு அடியில் வைத்திருப்பார்கள். செராமிக் படித்த கழுதைதான் டிரையருக்குள் வைக்கும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் பிடி பிளாஸ்டிக். ஒட்டியிருந்தது பசை. பிடி நெளிந்து, பசை இளகி, கண்ணாடி வழுக்கி இரும்புத் தட்டில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்திருக்கிறது. யூனிட்டில் வேலை செய்கிற மாரியம்மாள் கதவைத் திறந்து, "யக்கா, ஒங்க கண்ணாடி வுழுந்து கெடக்குது" என்றாள். குறுக்கே விரிசல். ஓரத்தில் ஒரு சில்லு போய்விட்டது.

தயாரித்த கம்பெனிக்கு மெயில் போட்டேன். பெரிய கண்ணாடியும் சின்னக் கண்ணாடியும் ஜோடியாகத் தேய்த்தவை, தனியாகத் தருவதில்லை என்று பதில். அவ்வளவுதான். இனி இந்தக் குழாயில் யாரும் கண் வைத்துப் பார்க்க முடியாது. உன்னை என்னென்னவோ எழுதினேன். கழற்றி வைத்தவள் நீ, அதைத் திரும்ப மாட்டியிருக்கலாம். ஒரேயடியாகக் குருடாக்கியது நான்தான்.

வெள்ளிக்கிழமை உங்கம்மா வந்தார். பார்சல் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பரவால்ல பாப்பா, வந்தவொடனே சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு என்மேல் இருக்கிற கோபத்துக்கு உன்மேல்தான் கத்த முடிகிறது. நீ அவரிடம் சொல்லிவிடு. என்னால் முடியாது.

இளமதி


மோர்பி
25.11.2025

இளமதிக்கு,

டிரையரில் வைத்தாளாம். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு லேபில் ஒரு டிரேயை ஓங்கி வைத்தேன், சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். பேப்பரில் சுற்றியது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். டிரையர் உன் தப்பு. அத்தோடு கண்ணாடிக் கதை முடிந்தது. அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை.

பொய்க்குத்தான் கேட்கிறேன். எப்படிடி என் அம்மா முகத்தைப் பார்த்துப் பார்சல் வரவில்லை என்று சொன்னாய்? எப்போது கேட்டாலும் இல்லை, வரவில்லை, நாளைக்கு வா. அவள் ஆயுசில் இதைச் சொல்லாத ஆள் யார்? நீயும் அதில் ஒருத்தி. நான் சொல்ல மாட்டேன். நீதான் போய்ச் சொல்ல வேண்டும். யூனிட்டுக்கு அவளை வரச் சொல்லாதே, நீ எங்கள் வீட்டுக்குப் போ.

இத்தனை வருஷப் பழக்கத்தில் எங்கள் தெருவுக்குள் ஒரு தடவை வந்திருக்கிறாயா? முனையில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பாய். நான் தட்டில் சோறு இருந்தாலும் கழுவிவிட்டு ஓடி வருவேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

போகும்போது குழாய், ஸ்டாண்ட், லென்ஸ், கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. இனிமேல் அது எங்கள் வீட்டில்தான் இருக்கும். உன் பாதி உன்னுடையதுதான், நான் பிடுங்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் நீ அங்கே வர வேண்டும். பொங்கல் லீவில் அமாவாசை ஒட்டி வருகிறது. தெருவிலேயே சுவரில் போட்டுக் காட்டட்டும். இனியவனுக்கு வீடியோ காலில் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எஃப் இரண்டில் ஃபோகஸ் பிடிப்பது ரொம்பச் சிரமம், திருகாணியில் விரல் பட்டாலே போய்விடும். அவன் பார்த்துக்கொள்வான். நீ எதையும் தொடக் கூடாது. டிரையர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தொடக் கூடாது.

எனக்கு லீவு இல்லை. இருந்தாலும் வருவேனா என்று தெரியவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

தென்றல்


விருத்தாசலம்
19.1.2026

தென்றலுக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். சந்தோஷப்பட்டுச் செய்யவில்லை. ஏவின வேலையைச் செய்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், அதையும் தெரிந்துகொள்.

குழாயை மினி ஆட்டோவில் ஏற்றும்போது சித்தப்பா வாசலில் நின்றார். "ஆத்துல வைக்கிறத எடுத்துக்கினு அங்க எதுக்குப் போற?" என்றார். "பாக்கணும்னா அங்க வாங்க சித்தப்பா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடவும் இல்லை. அப்பா என்னிடம் பேசுவதில்லை.

உங்கள் வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் இறங்கி ஒரு அம்மாவிடம் வழி கேட்டேன். கேட்கும்போது கூச்சமாக இருந்தது. உங்கம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பார்சல் வந்தது, டிரையரில் வைத்தது, பொய் சொன்னது எல்லாம். அவர் பாத்திரத்தைத் தேய்த்து முடித்தார். பிறகு, "ஒடஞ்சா ஒடஞ்சிடுச்சுன்னு சொல்றதுக்கு என்னா பாப்பா? ரெண்டு மாசமா தபால்காரன வெசாரிச்சிக்கிட்டு இருந்தன்" என்றார். அதோடு சரி. நான் அழுதேன். சமாதானம் சொல்லவில்லை. உன்னைப் பெற்றவர்தானே.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் வைத்தார்கள். நூலகத்துச் சுவர் புதுச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. இனியவன் யாரிடமோ ப்ரொஜெக்டர் வாங்கி வந்திருந்தான். உங்கள் தெரு பாவாடை அண்ணன் கம்பத்தில் ஏறித் தெருவிளக்கு ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். என்னை ஒரு வேலைக்கும் கிட்டே விடவில்லை. ஒயரைப் பிடிக்கலாமா என்று போனால், "யக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க, அக்கா சொல்லியிருக்கு" என்கிறான் உன் தம்பி. நாலு பேர் எதிரில்.

இருட்டினதும் ஓரியனுக்குத் திருப்பினான். சுவரில் முதலில் பொரிப்பொரியாகப் புள்ளிதான். ஒன்றின் மேல் ஒன்றாகப் படம் சேரச் சேரப் புள்ளியெல்லாம் அடங்கி நடுவில் ஒரு வெளுப்பு வந்தது. அப்புறம் அது சிவந்தது. ஊர் வெளிச்சத்தில் ரண் மாதிரி வரவில்லைதான், ஆனாலும் இறக்கை தெரிந்தது. உங்கம்மா எழுந்து சுவர் கிட்டப் போய்விட்டார். படத்தில் பாதி மறைந்தது. "யம்மோவ், ஒக்காரு" என்று தெருவே கத்துகிறது, அவர் நகரவில்லை. "இப்பத் தெரியுது" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது, "இதப் பாக்கறதுக்கா ஊர வுட்டுட்டு அங்க போயி கெடக்கறா" என்று திட்டிக்கொண்டே வந்தார். அதையும் உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

சுவரில் பார்ப்பது கண்ணால் பார்ப்பது ஆகாது. இதை நான் சாகும்வரை சொல்வேன். சனிக்கிழமை ராத்திரி ரண்ணில் நீ வெறும் கண்ணால் பார்க்கிறாயே, அதையே உன்னால் மறுக்க முடியாது. நம் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒயர் பக்கம் போகாதே என்று துரத்தியதும் உட்கார இடம் தேடினேன். பாய், சாக்கு, நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. மாசி மகத்தில் நான் நடந்தால் தானாக வழி விடுவார்கள். இங்கே யாரும் நகரவில்லை. முன்னால் வாங்க என்று ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. எல்லாருக்கும் பின்னால் போய்ப் பைப்படிக் கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அத்தனை தலை.

முழுசாகத் தெரிந்ததுடி. ஒன்றும் குறையவில்லை.

இளமதி